டைலுக்கு அடியில் ஒளிந்திருந்த துரு: ஒரு மூன்றாம் மாடி ரெய்லிங்கைச் சோதித்த கதை

"தம்பி, கம்பி ஆடலை. ஆனா துணி காயப்போடும்போது சாஞ்சா 'டிக்'குன்னு ஒரு சத்தம் வருது. தினமும் வருது."

மூன்றாம் மாடியில் இருக்கும் அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான். அவர் சொன்னதை அந்தக் கட்டடத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கையால் அசைத்துப் பார்த்தவர்கள் எல்லாரும் கெட்டியாகத்தானே இருக்கிறது என்று போய்விட்டார்கள். அவருடைய ஏழு வயதுப் பேரன் அதே ரெய்லிங்கில் தாடையை வைத்துக்கொண்டு கீழே பந்து விளையாடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்த பிறகு எனக்கு அங்கிருந்து கிளம்ப மனம் வரவில்லை.

நான் சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் ஓர் இரும்பு வேலைப் பட்டறையில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். கேட், படிக்கட்டு, ஏணி, ரெய்லிங் என்று எல்லாம் செய்வோம். பழைய ரெய்லிங்கைச் சோதித்துத் தரும் வேலையும் வரும். இது பாலஸ்டியர் சாலையை ஒட்டிய உட்தெரு ஒன்றில், மின்தூக்கி இல்லாத நான்கு மாடித் தனியார் குடியிருப்பு. 1980களில் கட்டியது. நிர்வாகக் குழுவில் பேசி, அவர்கள் ஒரு நிபுணத்துவப் பொறியாளரை அமர்த்தி, சோதனை வேலை எங்கள் பட்டறைக்கு வந்தது. நானும் வெல்டர் செல்வம் அண்ணனும் இரண்டு உதவியாளர்களும் போனோம்.

முதலில் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். நடைபாதையின் ஓரமாக 18 போஸ்ட், அதாவது ரெய்லிங்கைத் தாங்கும் கால்கள். ஒவ்வொன்றும் 50க்கு 50, சுவர் கனம் 3 மி.மீ. சதுரக் குழாய். போஸ்டுக்கும் போஸ்டுக்கும் 1.2 மீட்டர் இடைவெளி. மேலே தட்டைக் கைப்பிடி, நடுவில் செங்குத்துக் கம்பிகள். பச்சை பெயின்ட், அதன் மேல் கறுப்பு பெயின்ட், அதன் மேல் மறுபடியும் பச்சை. தரையில் பழைய மொசைக் மேல் ஒரு முறை டைல், அந்த டைல் மேல் இன்னொரு டைல். போஸ்டின் அடியில் இருந்து அதைத் தரையோடு போல்ட் போட்டுப் பிடிக்கும் பேஸ் பிளேட் எங்குமே கண்ணில் படவில்லை. போஸ்ட் டைலுக்குள்ளிருந்து செடி மாதிரி முளைத்து நின்றது.

டேப் வைத்தால் டைலிலிருந்து கைப்பிடி வரை 955 மி.மீ. ஒரு மீட்டரோ அதற்கு மேலோ விழும் ஆழம் இருந்தால் தடுப்பு வேண்டும், இது போன்ற நடைபாதையில் அந்தத் தடுப்பு 1000 மி.மீ. உயரத்துக்குக் குறையக் கூடாது என்பது கட்டட, கட்டுமான ஆணையத்தின் விதி. கட்டியபோது 1000 இருந்திருக்கிறது. டைல் ஏற ஏற ரெய்லிங் குள்ளமாகியிருக்கிறது. இதை நான் பல இடங்களில் பார்த்துவிட்டேன். டைல் போடுகிறவர் தரையைத்தான் பார்ப்பார். ரெய்லிங் உயரம் அவர் கணக்கில் வருவதே இல்லை.

கம்பிகளுக்கு நடுவில் 100 மி.மீ. பந்து நுழையக் கூடாது என்பது இன்னொரு விதி. குழந்தையின் உடல் நுழையாமல் இருக்கத்தான் அந்த அளவு. மரத்தில் கடைந்த 100 மி.மீ. பந்து ஒன்று எங்கள் பெட்டியில் எப்போதும் இருக்கும். மூன்று இடங்களில் அது சுலபமாக உள்ளே போய்விட்டது. அங்கே கம்பி வளைந்திருந்தது.

இனி வலு. இது போன்ற குடியிருப்பின் பொது நடைபாதைக்கு, பிரிட்டிஷ் தரத்தை ஒட்டி வந்த கணக்கில், கைப்பிடியின் ஒவ்வொரு மீட்டருக்கும் 0.74 கிலோநியூட்டன் பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்க வேண்டும். ஒரு மீட்டருக்குச் சுமார் 75 கிலோ. தனி வீட்டுக்குள் இருக்கும் படிக்கட்டுக்கு 0.36 போதும். கூட்டம் கூடும் இடத்தில் 1.5, நெரிசலுக்கு வாய்ப்புள்ள இடத்தில் 3. அமெரிக்கர்கள் அடிக்கு 50 பவுண்டு என்று வைத்திருப்பதும் மாற்றிப் பார்த்தால் 0.73தான். இரண்டு ஊர்க்காரர்களும் ஏறக்குறைய ஒரே எண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

எங்கள் இடைவெளி 1.2 மீட்டர் என்பதால் ஒரு போஸ்டின் பங்கு 0.888 கிலோநியூட்டன், அதாவது 90 கிலோ. கையால் அசைத்துப் பார்ப்பதில் இந்த அளவு வராது. ஒருத்தர் அசைத்து நல்லா இருக்கு என்றால், ஒருத்தர் அசைக்கும் அளவுக்கு நல்லா இருக்கிறது என்பது மட்டுமே அதற்குப் பொருள். 2021 மார்ச்சில் பொலிவியாவின் எல் ஆல்டோ பல்கலைக்கழகத்தில், நெருக்கியடித்த மாணவர் கூட்டத்தில் மாடி ரெய்லிங் பிய்த்துக்கொண்டு போய்க் குறைந்தது ஏழு பேர் இறந்தார்கள். அந்தக் காணொளியை ஒரு முறைதான் பார்த்தேன். இரண்டாவது முறை என்னால் பார்க்க முடியவில்லை. அந்த ரெய்லிங்கையும் அதற்கு முன் எத்தனையோ பேர் கையால் பிடித்துப் பார்த்துக் கெட்டி என்று நினைத்திருப்பார்கள்.

சரி, முதல் நாள் வேலை.

மூன்று மீட்டருக்கு மேல் விழும் ஆபத்து இருந்தால் வேலை அனுமதிச் சீட்டு இல்லாமல் தொடக்கூடாது. அதை வாங்கினோம். கீழே விழக்கூடிய இடம் முழுவதையும் தடுப்பு போட்டு அடைத்து, ஓர் ஆளை நிற்க வைத்தோம். அப்புறம் ஒவ்வொரு போஸ்டையும் சங்கிலியால் உள்பக்கத் தூணோடு தளர்வாகக் கட்டினோம். ரெய்லிங் அறுந்தாலும் கீழே போகக் கூடாது. சோதனையே விபத்தாகிவிடக் கூடாது என்பதில் செல்வம் அண்ணன் ரொம்பக் கறார். சங்கிலிக் கொக்கியை அவரே ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்த பிறகுதான் பம்பைத் தொட விடுவார்.

ரெய்லிங்கை வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும், ஆனால் வெளியே நிற்க இடமில்லை. எனவே நடைபாதையின் உள் சுவருக்கும் போஸ்டுக்கும் நடுவில் கிடைமட்டமாக ஒரு முட்டு. சுவர்ப் பக்கம் அகலமான பலகை, அதன் மேல் குழாய், அதன் முனையில் சின்ன ஹைட்ராலிக் ஜாக், ஜாக்குக்கும் போஸ்டுக்கும் நடுவில் லோடு செல். எத்தனை கிலோ தள்ளுகிறோம் என்று அதன் திரையில் தெரியும். போஸ்ட் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கத் தனி முக்காலியில் டயல் கேஜ். முக்காலி ரெய்லிங்கைத் தொடக்கூடாது. தொட்டால் அதுவும் கூடவே நகர்ந்து பொய் சொல்லும்.

முதலில் 20 கிலோ தள்ளி, விட்டு, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தோம். மூட்டுகளில் இருக்கும் தொளதொளப்பு அதில் அடங்கிவிடும். அதற்குப் பிறகு 22, 45, 68, 90. ஒவ்வொரு படியிலும் ஐந்து நிமிடம் நிறுத்தி எழுதுவோம். கடைசியில் முழுதும் இறக்கி, முள் திரும்ப எங்கே வந்து நிற்கிறது என்று பார்ப்போம். என்னைக் கேட்டால் அந்தக் கடைசி எண்தான் முக்கியம். எந்த இரும்பும் கொஞ்சம் வளையும், அதில் தப்பில்லை. ஆனால் கையை எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்துவிட வேண்டும்.

பெரும்பாலான போஸ்ட்கள் 90 கிலோவில் 6, 7 மி.மீ. நகர்ந்தன. அம்மா வீட்டு வாசலில் இருந்த ஐந்தாவது போஸ்ட் 11. அனுமதிக்கப்பட்ட அளவு 25. அப்படியானால் அந்தப் போஸ்டும் தேறிவிட்டது.

ஆனால் பாரத்தை ஏற்றிக்கொண்டு போகும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். அம்மா சொன்ன அதே சத்தம். வாசலில் நின்றுகொண்டிருந்தவர், "இதுதான் தம்பி, இதேதான்" என்றார். இறக்கியதும் முள் பூஜ்யத்துக்கு வரவில்லை. 3 மி.மீ.யில் நின்றுவிட்டது. போஸ்டின் அடியில் டைல் இணைப்பில், சோற்றில் சாம்பார் ஊறிய மாதிரி ஒரு பழுப்புக் கறை.

நான் நோட்டில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50க்கு 50க்கு 3 குழாய், ஒரு மீட்டர் உயரம், அடி முழுக்க இறுகியிருக்கிறது, உச்சியில் 90 கிலோ என்றால் குழாய் தன் இயல்பில் வளைவது 7.4 மி.மீ. தனியாக நிற்கும் போஸ்டுக்கே அவ்வளவு. இங்கே மற்ற போஸ்ட்கள் 6தான் காட்டின. கணக்கைவிட நன்றாக இருக்கிறது. நாற்பது வருடப் பழசு கணக்கைவிட நன்றாக இருந்தால், வேறு ஏதோ அதைத் தாங்கிப் பிடிக்கிறது என்று அர்த்தம்.

பிடித்துக்கொண்டிருந்தவை இரண்டு. ஒன்று, பக்கத்துப் போஸ்ட்கள். நான் ஒற்றைப் போஸ்டைத் தள்ளும்போது கைப்பிடி வழியாக அண்டைப் போஸ்ட்களும் சேர்ந்து தாங்கிவிடுகின்றன. நிஜமாகவே பத்துப் பேர் வரிசையாகச் சாயும்போது எல்லாப் போஸ்டிலும் ஒரே நேரத்தில் பாரம் விழும், அப்போது ஒன்றுக்கொன்று உதவ முடியாது. இரண்டாவது, டைல். போஸ்டைச் சுற்றி 45 மி.மீ. கனத்துக்குச் சாந்தும் டைலும் காலர் மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தன. நாங்கள் அளந்ததில் பாதி டைலின் வலு. டைல் உடையும் நாளில் அது காணாமல் போய்விடும்.

பொறியாளர் அம்மையாரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அடித்தளத்தைத் திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் தரங்களில் ரெய்லிங்கின் செயல்பாட்டைச் சோதிக்க இ935 என்று ஒன்று இருக்கிறது. அது பதிந்து நிற்கும் அடிப்பிடிப்பை மட்டும் சோதிக்க இ894 என்று தனியாக இன்னொன்று இருக்கிறது. அடிக்கு மட்டும் ஏன் தனியாக எழுதினார்கள் என்பது டைலை உடைத்த பிறகு எனக்கு நன்றாகவே புரிந்தது.

இரண்டாம் நாள் சின்ன பிரேக்கரால் ஐந்தாவது போஸ்டைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்கு டைலை எடுத்தோம். முதல் டைல், சாந்து, இரண்டாம் டைல், மறுபடியும் சாந்து. சாந்து ஈரமாக இருந்தது. மழை பெய்து மூன்று நாள் ஆகியிருந்தது. சிங்கப்பூரில் வருடத்துக்குச் சராசரி 171 நாள் மழை, 2100 மி.மீ.க்கும் மேல். அந்தச் சாந்து காய்ந்திருக்க வாய்ப்பே கிடைத்திருக்காது. நாற்பது வருடம் ஈரத்துணி சுற்றி வைத்த மாதிரி அந்த இரும்பு இருந்திருக்கிறது.

பேஸ் பிளேட் கண்ணில் பட்டபோது அது பிளேட்டாகவே தெரியவில்லை. உளியால் தொட்டால் அப்பளம் மாதிரி அடுக்கடுக்காகப் பெயர்ந்தது. துரு, அது உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த வீக்கம் தாங்காமல் கான்கிரீட் ஓரத்தில் விரல் நுழையும் விரிசல். நான்கு எம்10 (10 மி.மீ. விட்டம்) எக்ஸ்பேன்ஷன் போல்ட்களில் உள்பக்கத்து ஒன்றின் நட்டைச் செல்வம் அண்ணன் ஸ்பேனரே இல்லாமல் விரலால் எடுத்துவிட்டார். எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை.

குழாயின் கனத்தை அல்ட்ராசோனிக் கருவியில் பார்த்தோம். பெயின்டைச் சுரண்டி, ஜெல் தடவி, முனையை வைத்தால் கனம் திரையில் வரும். டைலுக்கு ஓர் அடி மேலே 2.9. டைலை ஒட்டி 2.1. டைலுக்கு அடியில் 1.2, ஓர் இடத்தில் பென்சில் நுழையும் ஓட்டை. 3 மி.மீ. சுவர் இருந்தபோது 90 கிலோவில் குழாயின் அடியில் வரும் அழுத்தம் 114 மெகாபாஸ்கல். சுவர் 1.2 ஆனதும் அது 239. இரும்பு நிரந்தரமாக வளைய ஆரம்பிக்கும் அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஓட்டை இந்தக் கணக்கில் சேரவில்லை.

அப்புறம் சோதனையைச் சரியான முறையில் திரும்பச் செய்தோம். ஒரே அளவு ஜாக் மூன்று. ஒரே பம்பிலிருந்து எண்ணெய்க் குழாயைப் பிரித்து மூன்றுக்கும் கொடுத்தால் மூன்றும் ஒரே விசையில் தள்ளும். நான்கு, ஐந்து, ஆறாவது போஸ்ட்களை ஒன்றாகத் தள்ளினோம். ஐந்தாவதற்கு உச்சியில் ஒரு டயல் கேஜ், பேஸ் பிளேட்டின் உள்பக்க விளிம்பில் இன்னொன்று, பிளேட் தரையை விட்டு எழும்புகிறதா என்று பார்க்க.

45 கிலோவில் உச்சி 10 மி.மீ. நகர்ந்தது. 68இல் 23. அங்கேயே நிறுத்தச் சொன்னார் பொறியாளர். கீழ்க் கேஜ் 1.7 மி.மீ. காட்டியது. பார்ப்பதற்குச் சின்ன எண். ஆனால் பிளேட் 100 மி.மீ. அகலம்தான். அதன் ஒரு பக்கம் 1.7 எழும்பினால் ஒரு மீட்டர் உயரத்தில் அது 17 மி.மீ. ஆகும். 68 கிலோவுக்குக் குழாய் வளைவது 5.6. இரண்டையும் கூட்டினால் 22.6. உச்சியில் நாங்கள் படித்தது 23. கணக்கும் கேஜும் ஒன்றாக வந்து நின்றன. குழாய் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது, கால்தான் பெயர்ந்துகொண்டிருந்தது. இறக்கியபோது முள் 9இல் நின்றுவிட்டது.

அந்த 'டிக்' பிளேட் எழும்பி உட்கார்ந்த சத்தம்தான். அந்த அம்மாவின் காது எங்கள் முதல் நாள் கேஜைவிட உண்மையைச் சொல்லியிருக்கிறது.

அன்று மாலையே நடைபாதை ஓரமாக உள்பக்கத்தில் சாரக் குழாய்களால் தற்காலிகத் தடுப்பு கட்டினோம். தூணோடு தூணாக இறுக்கி, யாரும் ரெய்லிங் பக்கம் போக முடியாதபடி. ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிச் சொன்னோம். துணி காயப்போட இடமில்லை என்று சிலருக்குக் கோபம். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பழுது என்று தெரிந்த பிறகு ஓர் இரவுகூட அதை அப்படியே விடக் கூடாது.

மற்ற போஸ்ட்களின் அடியையும் திறந்து பார்த்ததில் பதினொன்றில் சுவர் 2 மி.மீ.க்குக் கீழ். உயரமும் போதாது. எனவே 18ஐயும் மாற்றுவது என்று முடிவானது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நிர்வாகக் குழுவுக்கு வேறொருவர் கொடுத்த விலைப்பட்டியலில் பளபளக்கும் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப் ரெய்லிங் இருந்தது. துரு பிடிக்காது, பார்க்க அழகு, விலையும் குறைவு. எல்லாருக்கும் அதில் ஆசை. பட்டியலைப் படித்தால் இரண்டு அங்குல பைப், சுவர் 1.5 மி.மீ. அதே இடைவெளி, அதே உயரம் வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அடியில் வரும் அழுத்தம் 319 மெகாபாஸ்கல். அந்த 304 ரக எஸ்.எஸ். 205இலேயே நிரந்தரமாக வளையத் தொடங்கலாம், அதுவும் வெல்டிங் சூடு பட்ட இடத்தில். பைப் மட்டுமே 21 மி.மீ. சாயும். அடிப்பிடிப்பின் அசைவையும் சேர்த்தால் 25ஐத் தொட்டுவிடும். அதே பைப்பில் சுவர் 3 மி.மீ. என்றால் அழுத்தம் 175க்கு இறங்கிவிடும், தாராளமாகப் போடலாம், ஆனால் விலை வேறு. குழுவில் இருந்த ஒரு பெரியவர், "வெளியே பார்த்தா ரெண்டும் ஒண்ணுதானே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சுவர் கனத்தை எழுத்தில் கேட்க வேண்டும், பொருள் வந்து இறங்கியதும் வெட்டு முனையில் வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும். இதைக் கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

கடைசியில் ஹாட் டிப் கேல்வனைஸ் செய்த, அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த 50க்கு 50, சுவர் 4 மி.மீ. சதுரக் குழாய் என்று முடிவானது. வேலையின் மூளை பேஸ் பிளேட்டில் இருந்தது. அதை வரைந்தவர் பொறியாளர். பழைய பிளேட்டில் உள்பக்க போல்ட்டுக்கும் பிளேட்டின் வெளி விளிம்புக்கும் 85 மி.மீ.தான். ரெய்லிங்கை வெளியே தள்ளும்போது பிளேட் வெளி விளிம்பில் ஊன்றி உள்பக்க போல்ட்களைப் பிடுங்கப் பார்க்கும், கடப்பாரையால் ஆணி பிடுங்குவது போல. கைப்பிடியில் 90 கிலோ என்றால் அந்த இரண்டு போல்ட்களில் ஒவ்வொன்றுக்கும் 5.2 கிலோநியூட்டன் இழுப்பு, அதாவது அரை டன்னுக்கும் மேல். மேலே 90 கிலோ, கீழே அரை டன். நான் புதுப் பையன்களுக்கு இதைச் சொல்லும்போது முதலில் நம்ப மாட்டார்கள்.

புதிய பிளேட் 12 மி.மீ. கனம், நடைபாதையின் உட்புறமாக 200 மி.மீ. நீளம். போஸ்ட் வெளி ஓரத்தில், போல்ட்கள் நான்கும் உள்ளே தள்ளி. வெளி விளிம்பிலிருந்து உள் போல்ட்டுக்கு 170 மி.மீ. போஸ்ட் 1050 மி.மீ. ஆக உயர்ந்தும்கூட ஒரு போல்ட்டுக்கு வரும் இழுப்பு 2.7க்கு இறங்கிவிட்டது. இன்னொரு லாபமும் உண்டு. பழைய போல்ட்கள் கான்கிரீட் ஓரத்திலிருந்து 50 மி.மீ.யில் இருந்தன. எக்ஸ்பேன்ஷன் போல்ட் உள்ளே விரிந்து கான்கிரீட்டை நெருக்கித்தான் பிடிக்கும். ஓரத்தில் அதைப் போட்டால் ஓரத்தையே பிளக்கும். புதியவை ஓரத்திலிருந்து 110 மி.மீ.க்கு உள்ளே, அதுவும் கெமிக்கல் ஆங்கர். அது பிசினால் ஒட்டிப் பிடிக்கும், நெருக்காது.

கேல்வனைஸ் தொட்டிக்கு அனுப்புமுன் ஒவ்வொரு குழாயிலும் காற்றுத் துளையும் வடிகால் துளையும் போட வேண்டும். இரண்டு முனையும் அடைத்த குழாயை உருகிய துத்தநாகத்தில் முக்கினால் உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் விரிந்து வெடிக்கும். செல்வம் அண்ணன் 18 போஸ்டையும் வரிசையாகப் படுக்க வைத்து, ஒவ்வொரு துளையிலும் கம்பியை விட்டுப் பார்த்து, சாக்கட்டியால் டிக் அடித்தார். பின்னால் பயன்பாட்டில் உள்ளே நீர் சேர்ந்தாலும் அதே துளை வழியாக வடியும்.

டைலை ஓரத்தில் 250 மி.மீ. பட்டையாக வெட்டி எடுத்துவிட்டு, பிளேட்டை நேரடியாகக் கான்கிரீட் மேல் உட்கார வைத்தோம். அந்தப் பட்டையில் மறுபடியும் டைல் கிடையாது. தண்ணீர் வெளியே ஓடச் சரிவு கொடுத்தோம். அழகுக்குக் குறைவுதான். ஆனால் இனி கால் எப்போதும் கண்ணில் படும். பிளேட்டின் அடியிலிருந்து 1050 என்பது டைலிலிருந்து பார்த்தால் 1005.

துளை போடுமுன் கான்கிரீட்டுக்குள் கம்பி எங்கே ஓடுகிறது என்று கருவியால் பார்த்துச் சாக்கட்டியால் குறித்தோம். எம்12 போல்ட்டுக்கு 14 மி.மீ. துளை, 110 மி.மீ. ஆழம். ஊது, பிரஷ் போடு, மறுபடியும் ஊது, மறுபடியும் பிரஷ். பிசின் குழலிலிருந்து முதலில் வருவதை நிறம் சீராகும் வரை வீணாக்கிவிட்டு, துளையின் அடியிலிருந்து நிரப்பிக்கொண்டு மேலே வர வேண்டும். போல்ட்டைத் திருகியபடி இறக்க வேண்டும். அப்புறம் குப்பியில் எழுதியிருக்கும் நேரம் முடியும் வரை யாரும் அதைத் தொடக்கூடாது.

எட்டு போல்ட்களை இழுத்துப் பார்த்தோம். மேலே பாலம் மாதிரி நிற்கும் ஜாக், போல்ட்டைப் பிடித்து மேலே இழுக்கும். இலக்கு 2.7இன் ஒன்றரை மடங்கு, 4.1 கிலோநியூட்டன். ஏழு அசையவில்லை. எட்டாவது 2.9இல் வழுக்கிக்கொண்டு மேலே வந்தது.

உருவிப் பார்த்தால் பிசினின் வெளிப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறச் சேறு. முதல் நாள் போட்ட துளைகளை மூடிய பிளாஸ்டிக் தாளைக் காற்று தூக்கியிருக்கிறது, மாலை மழை உள்ளே போயிருக்கிறது. காலையில் ஊதினார்கள், ஆனால் ஈரத்தூசி சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிசின் கான்கிரீட்டைப் பிடிக்காமல் சேற்றைப் பிடித்திருக்கிறது. அந்தக் காலையில் துளைகளைப் பார்த்துச் சரி சொன்னது நான். எட்டைச் சோதித்து ஏழு தேறியது என்று எழுதிவிட்டுப் போக முடியாது. அந்த நாள் போட்ட பன்னிரண்டையும் இழுத்தோம். இன்னும் ஒன்று நகர்ந்தது. இரண்டையும் உருவி, துளையைத் திரும்பக் குடைந்து, காய வைத்து, புதிதாகப் போட்டு, மறுநாள் மறுபடியும் இழுத்தோம். இரண்டும் 4.1இல் நின்றன.

நடுக் கம்பிகளுக்குத் தனிச் சோதனை. ஒரு கம்பியின் நடுவில் 0.5 கிலோநியூட்டன், சுமார் 51 கிலோ. ஒருவர் காலால் உதைப்பது, முழங்கால் இடிப்பது போன்றவற்றுக்கு இது. ஒரு கம்பியின் வெல்டிங் விட்டது, திரும்ப வைத்தோம். மரப் பந்தை எல்லா இடைவெளியிலும் ஒரு சுற்று விட்டுப் பார்த்தோம். எங்கும் நுழையவில்லை.

கடைசிச் சோதனையன்று பொறியாளர் 90இல் நிறுத்தாமல் 113 கிலோ வரை போகச் சொன்னார், கால் பங்கு கூடுதல். மறுபடியும் மூன்று ஜாக். ஐந்தாவது போஸ்ட் 90இல் 8 மி.மீ. கணக்கு சொன்னது 6.7. 113இல் 10. கீழ்க் கேஜ் முள் ஒரு கோடுகூடத் தாண்டவில்லை. இறக்கியதும் உச்சி முள் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. செல்வம் அண்ணன் குனிந்து முள்ளைப் பக்கத்திலிருந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார், சங்கிலியைக் கழற்ற ஆரம்பித்தார்.

அம்மா வெளியே வந்து கைப்பிடியில் இரண்டு கையையும் ஊன்றி மெதுவாகச் சாய்ந்தார். காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு உள்ளே போய்த் துணி வாளியை எடுத்து வந்தார்.

ஒவ்வொரு பிளேட்டிலும் போஸ்டின் எண்ணும் சோதித்த தேதியும் குத்தியிருக்கிறோம். குடியிருப்புக் கட்டடத்தைப் பொறியாளர் பார்த்துப் போகும் கட்டாய ஆய்வு 10 வருடத்துக்கு ஒரு முறைதான். துரு அதுவரை காத்திருக்காது என்பதால், வருடத்துக்கு ஒரு முறை பிளேட்டையும் நட்டையும் பார்த்துக் கையெழுத்திட ஒரு தாளை நிர்வாகக் குழுவிடம் கொடுத்திருக்கிறேன். இரண்டாம் மாடியிலும் அதே ரெய்லிங், அதே இரண்டு அடுக்கு டைல். அங்கும் தற்காலிகத் தடுப்பு கட்டியாகிவிட்டது. அடுத்த வாரம் பிரேக்கரோடு போகிறோம்.